பூங்காவில் அடிபட்டவருக்குச் சாட்சியாக நில்லுங்கள்



கொடைக்கானலில், மழையில் பாசி படிந்த பூங்காப் படியில் ஒரு அம்மா வழுக்கி விழுகிறார். மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. கூடியிருந்த நாம் தண்ணீர் கொடுத்து, கைத்தாங்கலாக வேனில் ஏற்றிவிடுகிறோம். வேன் அன்று இரவே வத்தலக்குண்டு வழியாக ஊர் திரும்பிவிடுகிறது. படியில் சிமெண்ட் பூசிவிட்டால் தடயமும் போயிற்று. பிறகு இழப்பீடு கேட்டால், "இங்கேதான் விழுந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் பக்கத்தில் நின்ற நாம்தான்.

சட்டம் அடிபட்டவரைக் கைவிடவில்லை. டெல்லியில் சாலையோர மரக்கிளை முறிந்து விழுந்து ஸ்கூட்டரில் சென்றவர் இறந்த வழக்கில், மாநகராட்சியே பொறுப்பு என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த மரம் பட்டுப்போய் நின்றது சாட்சியங்களில் நிரூபணமாகியிருந்தது. அதற்கு முன் ராஜ்கோட்டில் மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. மரம் விழும் என்று மாநகராட்சி முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்றது அதே நீதிமன்றம். ஆபத்து முன்பே தெரியும் என்று காட்ட முடிகிறதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் உள்ளூர்க்காரர்களுக்கு. ஆடும் கைப்பிடி, தேய்ந்த ஊஞ்சல் கொக்கி, காய்ந்த கிளை எதைக் கண்டாலும் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பிரையன்ட் பூங்கா என்றால் தோட்டக்கலைத் துறை, கோக்கர்ஸ் வாக் என்றால் நகராட்சி, தூண் பாறை, குணா குகை என்றால் வனத்துறை. புகாரைப் படித்துச் சரிசெய்தால் யாருக்கும் அடிபடாது. செய்யாமல் விட்டு விபத்து நேர்ந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் கைவிரிக்க முடியாது.

கடைக்காரர்கள், புகைப்படக்காரர்கள், வழிகாட்டிகள், ஓட்டுநர்களுக்கு: விபத்தைப் பார்த்தால் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அடிபட்டவரிடம் கொடுங்கள். அந்த இடத்தை அப்போதே படம் பிடியுங்கள்.

அடிபட்டவர்களுக்கு: நுழைவுச்சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். மலை இறங்குமுன் அரசு மருத்துவமனையில் காட்டி, எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். மருந்துச் சீட்டு முதல் விடுப்பு நாட்களின் சம்பள இழப்பு வரை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கட்டணம் வாங்கிய இடம் என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். அரசுமீது சிவில் வழக்கு என்றால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். சில வழக்குகளுக்குக் கெடு ஓராண்டுதான் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அது இலவசம்.

இத்துடன் மூன்று துறைகளிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவே: பொறுப்பு அலுவலரின் எண்ணை வாசலில் எழுதி வையுங்கள், பூங்காதோறும் விபத்துப் பதிவேடு வையுங்கள், வருவோர் அனைவருக்கும் காப்பீடு எடுங்கள். திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுக்க எங்களோடு வாருங்கள். வர முடியாதவர்கள் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொடைக்கானல் நகரவாசிகள்