வலிப்பு வரும் பிள்ளைக்கு எந்த டொக்டர்?



பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால் அந்த நிமிடமே வீட்டிலுள்ள அத்தனை பேரும் டொக்டராகி விடுகிறார்கள். கையில் சாவியைக் கொடு என்பார் மூத்தம்மா. வாயில் கரண்டியை வை என்று ஓடி வருவார் பக்கத்து வீட்டு மாமி. வெங்காயத்தை முகரக் கொடு என்பார் இன்னொருவர். எல்லாம் அன்பினால்தான். ஆனால் கரண்டியால் பல் உடையும், தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும், சாவியால் ஒன்றும் ஆகாது. பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். ஸ்காஃப் கட்டிய பெண் பிள்ளையானால் குண்டூசிகளை முதலில் கழற்றுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும், உடனே ஆஸ்பத்திரிதான். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

அது முதல் நாள் வேலை. அதன் பிறகு வரும் கேள்விதான் தாய்மாரைத் தூங்க விடாதது. இந்தப் பிள்ளையை யாரிடம் கொண்டு போவது?

வட்டவளைப் பஸாரில் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் பாதி நாள் மழை. வீட்டில் ஆறேழு வயதுப் பெண் பிள்ளை. இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. வாப்பா கடையை விட்டு அசைய முடியாது. உம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. யாரோ கொழும்பில் ஒரு பெரிய டொக்டரின் பெயரைச் சொல்கிறார்கள். வேறு யாரோ ஓதிப் பார்க்கும் ஒருவரின் பெயரைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் காசு சேர்க்கிறார்கள். மாதம் இரண்டு போய்விடுகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். மூளை, நரம்பு என்ற சொல் போர்டில் இருந்தால் எல்லோரும் ஒன்றல்ல. நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் வெட்டிச் செய்யும் வைத்தியத்திற்கு உரியவர். மனநல வைத்தியர் வேறு. நரம்பியல் வைத்திய நிபுணர்தான் வலிப்பைப் பார்ப்பவர். அவர்களிலும் பெரும்பாலானோர் பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர்கள். சிறு பிள்ளைக்கு உரியவர் சிறுவர் நரம்பியல் நிபுணர். குழந்தை வைத்தியம் படித்து, அதற்கு மேல் பிள்ளைகளின் மூளை நோய்களைப் படித்தவர். கைக்குழந்தையின் வலிப்பு பெரிய மனிதரின் வலிப்பைப் போல இராது. ஆகவே இந்த வேறுபாடு சின்ன வேறுபாடு அல்ல.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே அவரைத் தேடி ஓட வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். 6 மாதத்திற்கும் 5 வயதிற்கும் இடையில் காய்ச்சலோடு வரும் வலிப்பு 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்கு வருவது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வயதோடு போய்விடும். அதற்குக் குழந்தை வைத்திய நிபுணர் போதும். கோபத்தில் அழுது மூச்சடக்கி நீலமாகும் பிள்ளைக்கும் வலிப்பு நோய் அல்ல. காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் எதுவுமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு தடவை வந்தால்தான் பொதுவாக வலிப்பு நோய் என்று பெயர் வைக்கிறார்கள்.

வட்டவளைத் தாய்க்கு வழி இதுதான். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு குழந்தை வைத்திய நிபுணரிடம் போக வேண்டும். மேலே போனால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த புதிய கட்டடம் அங்கே இருக்கிறது. கீழே இறங்கினால் நாவலப்பிட்டி. அங்கே பார்க்கும் நிபுணர் தேவை என்று கண்டால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார். லேடி ரிஜ்வே 1895இல் தொடங்கியது. ஹட்டனிலிருந்து கண்டி போகும் பஸ் பேராதனை வழியாகத்தான் போகிறது. ஆகவே நம் பக்கத்துத் தாய்மாருக்குக் கொழும்பை விடப் பேராதனை இலேசு. பிள்ளை வளர்ந்து பெரியவர்களின் கிளினிக்கிற்கு மாறும் வயதில் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வலிப்பு நோய் நிலையமும் இருக்கிறது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டப்பட்டது அது.

பின்னேரங்களில் சனல் பண்ணிப் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காலையில் இருக்கும் அதே டொக்டர்தான் பலவேளை பின்னேரம் தனியாரிலும் இருப்பார். ஆனால் வலிப்பு ஒரு தடவை காட்டி முடிகிற நோயல்ல. மருந்தின் அளவு பிள்ளையின் நிறையோடு ஏறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று வருடம் தொடர வேண்டியிருக்கும். மாதத்திற்கொரு டொக்டராக மாற்றுகிற வீட்டில் ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரே கிளினிக்கில், ஒரே கொப்பியில், இலவச மருந்தோடு தொடர்கிற ஏழைத் தாயின் பிள்ளை அதைவிட நன்றாக இருப்பதைப் பார்க்கலாம்.

சரியான டொக்டரை எப்படி அடையாளம் காண்பது? பெயரை வைத்தல்ல. அவர் கேட்கும் கேள்விகளை வைத்து. நல்ல நரம்பியல் நிபுணர் ஸ்கேனைக் கேட்பதற்கு முன் கதையைக் கேட்பார். எப்போது வந்தது, தூக்கத்திலா விழித்திருக்கும்போதா, கண் எந்தப் பக்கம் போனது, எந்தக் கை முதலில் இழுத்தது, முகம் நீலமானதா, எத்தனை நிமிடம், முடிந்த பிறகு தூங்கினாளா, பேசினாளா? இவ்வளவும் உங்களிடம்தான் இருக்கிறது, டொக்டரிடம் இல்லை. அவர் பார்க்கும்போது பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், யாராவது வாசித்துச் சொல்வார்கள். இன்னொன்று, அடுத்த முறை வரும்போது ஒருவர் பிள்ளையைப் பார்க்க, மற்றவர் கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்கட்டும். மனம் ஒப்பாது, தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிடப் படம் பத்துப் பரிசோதனைக்குச் சமம். அதை டொக்டருக்கு மட்டும் காட்டுங்கள். குடும்பத்து வட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

நீங்களும் கணவரும் சொந்தமா என்றும் கேட்பார். மாமி மகன், மாமா மகள் கல்யாணம் நம்மிடம் உண்டு என்பதால் சில தாய்மாருக்கு இது சுருக்கென்று தைக்கிறது. குற்றம் சொல்ல அல்ல; சில மூளை நோய்கள் சொந்தத்தில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் என்பதால், எதைத் தேடுவது என்று அறியக் கேட்கிறார். மறைக்காமல் சொல்லுங்கள்.

கதை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வலிப்பு ஒரு நோயல்ல, பல. நான்கு வயதிற்கும் பத்து வயதிற்கும் இடைப்பட்ட பிள்ளை பேசிக்கொண்டிருக்கையில் சில வினாடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் பேச்சைத் தொடரும். விழாது, இழுக்காது. ஒரு நாளைக்குப் பல தடவை வரும். டீச்சர் கவனமில்லாத பிள்ளை என்று அடிப்பார். இதுவும் வலிப்புதான். அறையிலேயே பிள்ளையைச் சில நிமிடம் வேகமாக மூச்சு ஊதச் சொல்லி டொக்டர் இதை வரவழைத்துப் பார்த்துவிடலாம். இந்த வகைக்குக் கார்பமாசெபின் என்ற மருந்தைக் கொடுத்தால் குறையாது, கூடவும் கூடும். அதே மருந்து வேறொரு வகைக்கு நல்ல மருந்து! இன்னொரு வகை தூக்கத்தில் வாயை ஒரு பக்கம் இழுத்து எச்சில் வடிய வைக்கும்; பதின்ம வயதுக்குள் தானே நின்றுவிடுவது வழக்கம். அதற்கு மருந்தே வேண்டாம் என்று டொக்டர் சொன்னால், தெரியாதவர் என்று எண்ணி வேறு இடம் ஓடாதீர்கள்.

ஆனால் ஒரு வகைக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. அது கைக்குழந்தைகளுக்கு, பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வருவது. தூங்கி எழும்பியதும் குழந்தை தலையைக் குனிந்து, இரு கைகளையும் விரித்து, ஸலாம் சொல்வது போல் வளையும். சில வினாடி விட்டு மீண்டும். இப்படித் தொடர்ச்சியாகப் பல தடவை. பழைய வைத்தியர்கள் இதை ஸலாம் வலிப்பு என்றே அழைத்தார்கள். பயந்து திடுக்கிடுகிறது, வயிற்று வலி என்று நாம் ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்போம். அதற்குள் சிரித்த குழந்தை சிரிப்பை மறந்துவிடும். இங்கிலாந்தில் வில்லியம் வெஸ்ட் என்ற டொக்டர் தம் சொந்தக் குழந்தைக்கு இது வந்தபோது லண்டனின் பெரிய வைத்தியர்களிடமெல்லாம் காட்டி, வழி தெரியாமல், 1841இல் ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். அந்தப் பிள்ளை குணமாகவில்லை. அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான்.

நம் நாட்டில் இப்போது நிலை வேறு. கொழும்பில் பேராசிரியை ஜிதாங்கி வணிகசிங்கவும் அவருடன் இருந்தவர்களும் இந்த நோயுள்ள 97 குழந்தைகளில் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டு, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். விலை கூடிய ஊசி ஒன்று; வாயால் கொடுக்கும் மலிவான பிரெட்னிசொலோன் மற்றது. இரண்டு வார முடிவில் பிரெட்னிசொலோன் பெற்ற 100க்கு 58 குழந்தைகளில் வலிப்பு நின்றிருந்தது. ஊசி பெற்றவர்களில் 37. அதாவது, இந்த வைத்தியம் நம் ஆஸ்பத்திரியிலேயே, நமக்கு எட்டும் மருந்திலேயே இருக்கிறது. வேண்டியது, தாய் நாள் கடத்தாமல் கொண்டு போவதுதான். இதற்கு மாத்திரம் அடுத்த கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.

பரிசோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈ.ஈ.ஜி. என்பது தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவது. வலிக்காது. முந்திய நாள் தலையை நன்றாகக் கழுவி, எண்ணெய் வைக்காமல் கொண்டு போங்கள். நம் வீடுகளில் பயணம் என்றால் பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வாரிவிடுவதுதான் முதல் வேலை! இரவு குறைவாகத் தூங்க வைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். பதிவு நன்றாக வந்துவிட்டது என்பதால் நோய் இல்லை என்றாகாது. வலிப்பு வராத அரை மணி நேரத்தின் பதிவுதானே அது. எம்.ஆர்.ஐ. எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. சரியான வைத்தியம் கிடைத்தால் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால்தான் பெரிய நிலையத்தில் மேற்கொண்டு ஆராயக் கேட்க வேண்டும். அப்போது கேட்பது உங்கள் உரிமை, டொக்டரை அவமதிப்பதல்ல.

பெண் பிள்ளைகளின் தாய்மாருக்குத் தனியாக ஒன்று. சோடியம் வல்புரோவேட் நல்ல மருந்து, பரவலாகக் கொடுப்பது. ஆனால் கர்ப்ப காலத்தில் அதை உட்கொண்டால் சிசுவுக்கு அங்கக் குறைகளும் பின்னாளில் கற்கும் ஆற்றலில் குறைவும் வரக்கூடும். ஆகவே மகள் வயதுக்கு வரும் காலத்தில், இதைத் தொடரலாமா, மாற்ற வேண்டுமா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்பவர் நல்ல டொக்டர். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். நோயை மறைத்துக் கல்யாணம் பேசி, புது வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துக் குடிக்கும் பெண்களின் நிலையை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துஆ கேளுங்கள், ஓதி ஊதுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுங்கள். ஜின் என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்பவரின் வாசலை மட்டும் மிதிக்காதீர்கள். வலிப்புள்ள ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விழும்போது தன் ஆடை விலகாதிருக்க வேண்டும் என்பதே அவர் கடைசியாகக் கேட்டது. நபியவர்கள் அதற்காக துஆச் செய்தார்கள். சுவனத்துப் பெண் என்று அவரைத்தான் பின்னர் இப்னு அப்பாஸ் (ரலி) சுட்டிக் காட்டினார்கள். அந்தப் பெண்ணின் கவலை நம் பிள்ளைகளுக்கும் உண்டு. பஸ்ஸிலோ மத்ரஸாவிலோ ஒரு பெண் பிள்ளை விழுந்தால் சுற்றி நின்று பார்க்காமல், ஒரு துப்பட்டியை எடுத்து மேலே போடுங்கள்.

மருந்து முடிவதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள். 2022இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடைசி மாத்திரை வரை காத்திருந்தவர்கள்தான் அலைந்தார்கள். மழையில் மண் சரிந்தால் ஹட்டன் பாதையும் ரயிலும் ஒன்றாக நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பீலியிலும் ஆற்றிலும் பிள்ளையைத் தனியே குளிக்க விடாதீர்கள். பள்ளிவாசல் ஹவுளில் வுழு எடுக்கும்போதும் ஒருவர் கூட இருக்கட்டும். வகுப்பு டீச்சரிடமும் ஓதிக் கொடுக்கும் ஹஸரத்திடமும் முன்கூட்டியே சொல்லி, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பது எப்படி என்று காட்டிக் கொடுங்கள்.

நோன்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே கிளினிக்கில் பேசுங்கள். சஹருக்கு விழிப்பதால் தூக்கம் கெடுவதும், பகல் மாத்திரை தவறுவதும் வலிப்பை வரவழைக்கும். சில மருந்துகளை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாம், சிலவற்றை மாற்ற முடியாது. எது எதுவென்று மருந்து எழுதிய டொக்டரே சொல்லட்டும். அவர் நோன்பு வேண்டாம் என்றால், மற்றப் பிள்ளைகள் எல்லாம் பிடிக்கிறார்களே என்று அழும் மகளுக்கு இஃப்தார் நேரத்தில் கஞ்சிக் கோப்பையை முதலில் அவள் கையில் கொடுங்கள்.