தங்கவயல் மேடுகளும் துணைக்கோள் படங்களும்

அமில மழையால் தாவரங்கள் அழிவதைப் பற்றிப் பேசுவோர் ஐரோப்பாவையும் கனடாவையும் சுட்டுவதே வழக்கமாயுள்ளது. கனடாவின் சட்பரி நகரில் நிக்கல் உருக்காலைகள் கக்கிய கந்தகப் புகை சுற்றுப்புறத்தைப் பொட்டலாக்கியது. 1978 முதல் சுண்ணாம்பு தூவி, புல் விதைத்து, மரம் நட்டு அந்நிலத்தை மீட்டு வருகின்றனர். நம் நாட்டில் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது கோலார் தங்கவயல். ஆயின் அங்கு அமிலம் வானினின்று இறங்குவதன்று, மண்ணிலேயே விளைவது.

1880-ஐ ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனியார் விரிவுபடுத்திய சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28-இல் முடிவுற்றது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு 3 கோடி டன்னுக்கு மேல் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கிறது. அதன் தூசி கோடைக் காற்றில் வீட்டுக்குள் புகுவதை அவ்வூராருக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. அக்கழிவில் இரும்பும் கந்தகமும் கூடிய தாதுக்கள் உள. காற்றும் மழைநீரும் அவற்றிற் படுங்கால் கந்தகாமிலம் உண்டாகும். தூய மழையே மேட்டில் விழுந்தபின் அமில நீராய் வடியக்கூடும். சுண்ணாம்புச் சத்துள்ள கழிவு அதனைத் தணித்துவிடுமாதலின், மேட்டுக்கு மேடு நிலைமை வேறுபடும்.

இதனை வானிலிருந்து காணவியலுமா? நலமான இலை சிவப்பொளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். வாடிய இலையில் இவ்வேறுபாடு குறையும். துணைக்கோள் அளப்பது இதனையே. முதல் லாண்ட்சாட் 1972-இல் ஏவப்பட்டது. சுரங்கங்களை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்ததும் அவ்வாண்டே. எனவே சுரங்கத்தின் இறுதிக் காலத்தையும் அது மூடியபின் கழிந்த ஆண்டுகளையும் படங்களில் தொடர்ந்து நோக்கலாம். 1988-இல் நம் நாடு அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ துணைக்கோளின் ஒரு கருவியில், படத்தின் ஒரு புள்ளி 72.5 மீட்டர் அகலத்தைக் குறித்தது; மேடும் தெருவும் ஒன்றாய்க் கலந்து தெரியும் அளவு அது. பின்னர் வந்த லிஸ்-4 கருவியில் அது 5.8 மீட்டராய்ச் சுருங்கியது.

எனினும் படம் காட்டுவது பசுமையின் குறைவை மட்டுமே, காரணத்தை அன்று. வெறுமைக்கு அமிலமே காரணமாகலாம். உப்பு, ஆர்சனிக், சத்தின்மை, கோலாருக்குப் பழகிப்போன வறட்சி ஆகியனவும் ஆகலாம். வறட்சி தாங்கும் முட்புதர் பரவினாலோ படம் பச்சையாகிவிடும்; நிலம் தேறிற்று என அதுகொண்டு கூறலாகாது. லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைக்கின்றன. மண்ணெடுத்துச் சோதிக்க ஆளும் பொருளும் வேண்டும். அலுவலகங்கள் முன்னதை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால் காலம் நெருக்குகிறது. 13 மேடுகளில் எஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. மேட்டைக் கிளறினால் இதுவரை காற்றுப் படாத தாதுக்கள் வெளிப்படும். அதற்கு முன்னரே, மேட்டிலிருந்து நீர் வடியும் திசையில் பசுமை மங்கும் இடங்களைப் படத்திற் குறித்து, ஒவ்வொன்றிலும் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துப் பதிவு செய்தல் வேண்டும். இன்றைய அளவு ஏட்டில் இல்லையேல், நாளை பயிர் கருகினாலும் கிணறு கெட்டாலும், எது பழைய கேடு, எது புதியது என வழக்காடுவதற்கே வழியிராது. பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் தை மாதம் படத்திற்கும் மண் எடுப்பதற்கும் ஒருங்கே ஏற்றது.