படிப்பு யார் கையில்?

போன ஞாயிறு, நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பேரனைப் பார்க்கப் போயிருந்தேன். மகளை இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்ததால் அவனுக்கு நான் அப்புச்சி. இயற்பியலில் மதிப்பெண் குறைந்திருந்தது.

"ஏன் கண்ணு?" என்றேன்.

"தெரியலீங்க அப்புச்சி. சொன்னதைத்தான் படிச்சேன்."

"அடுத்த தடவை என்ன செய்யப்போறே?"

"அவங்க சொல்லுவாங்க."

மதிப்பெண்ணை விட இந்தப் பதில்தான் என்னை வாட்டியது.

விடியற்காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்தரை வரை எதை எப்போது படிப்பது என்று அங்கே பட்டியல் இருக்கிறது. கோழிப்பண்ணை மாவட்டம் ஆயிற்றே, 'பிராய்லர் பள்ளி' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் அப்படிக் கேலி பேச மாட்டேன். லாரிப் பட்டறைக்காரர் மகனும் மரவள்ளி போட்டவர் மகளும் இப்பள்ளிகளில் படித்து டாக்டரானதைப் பார்த்தவன். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் பல இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது.

1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் குழு, 6 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 'என் வாழ்வு ஓரளவாவது என் கையில்' என்று பிள்ளை நினைப்பதற்கும் அதன் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு, பள்ளி வசதிகள் அத்தனையையும் சேர்த்துப் பார்த்ததைவிட வலுவாக இருந்ததாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நினைப்பு தானாக வரும் என்றும் வாதிடலாம். ஒன்றை ஒன்று வளர்க்கும் என்பது என் கட்சி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'திக்தே' என்றாலே காய்ச்சல் வரும். வாத்தியார் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். முதல் தடவை 23 பிழை, மதிப்பெண் பூஜ்யம். அந்த வாத்தியார் திருத்தித் தரமாட்டார். பிழைக்குக் கீழே கோடு மட்டும் போட்டு, ஏன் தப்பு என்று எங்களையே எழுதச் சொல்வார். என் பிழைகளில் பாதி, பன்மையில் விட்டுப்போன 'எஸ்'! கண்டுபிடித்தது நான்தான். அடுத்த மாதம் 14 பிழை. அதற்கும் பூஜ்யம்தான், ஆனால் காய்ச்சல் வரவில்லை.

கிளம்பும்போது தாளாளரைப் பார்த்தேன். "வாரத்தில் ஒரு மணி நேரமாவது, எதைப் படிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டுமே" என்றேன்.

"மத்த பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மற்றப் பெற்றோரில் என் மருமகனும் ஒருவர்.