புக்கை மூடு... பேனாவை எடு!

ஒலக்கூர் ஸ்டேஷன்ல பாசஞ்சர் ஏறி திண்டிவனம் காலேஜுக்குப் போற ஆளா நீங்க? பையில ஒரு தன்னம்பிக்கை புக் இருக்குமே! படிக்கும்போது ஜிவ்வுன்னு ஏறும். டிரெய்னை விட்டு இறங்கினதும் புஸ்ஸுன்னு போயிடும். சரிதானே?

ஒரு வழி இருக்கு பாஸ். 1980-ல் டேவிட் பர்ன்ஸ் எழுதிய 'ஃபீலிங் குட்', ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் சிகிச்சை முறையை எளிமையாகச் சொன்ன புத்தகம். அதைச் சும்மா படிச்சா பத்தாது. மனசு சொல்றதை நோட்டுல எழுதணும். 'இதுக்கு என்ன ஆதாரம்?'னு கேட்கணும்.

அரியர் விழுந்ததும், 'நான் எதுக்குமே லாயக்கில்லை'ன்னு மனசு புலம்புதா? எழுதுங்க. பக்கத்துலயே பாஸான பேப்பர்களையும் எழுதுங்க. 'ஒரு பேப்பர் போச்சு, திரும்ப எழுதணும்.' உண்மை அவ்வளவுதான்!

ரெண்டு வாரமா தூக்கமும் சாப்பாடும் பிடிக்கலைன்னா, புக்கை நம்பி உட்காராதீங்க; டாக்டரைப் பாருங்க. வாழவே பிடிக்கலைன்னு தோணினா, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.

பக்கத்து சீட்டு நண்பன் ரொம்ப நாளா பேசாம வர்றானா? இன்னிக்கே கேளுங்க, ப்ளீஸ்!