கஷ்டத்துக்கு மார்க் போடுவது யார்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் இரண்டு கட்டுரைகள் கேட்கிறார்கள். ஒன்று, என்ன படிக்கப் போகிறாய், ஏன் என்பது. இன்னொன்று 'பர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட்'. எந்தச் சூழலில் வளர்ந்தாய், என்னென்ன தடைகளைத் தாண்டி வந்தாய் என்று எழுத வேண்டும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் நிலைமையைப் பாருங்கள். 1996-ல் அந்த மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 'ப்ரொபசிஷன் 209', அரசுப் பல்கலைக்கழகங்களில் இன அடிப்படையிலான முன்னுரிமைக்குத் தடை போட்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஹார்வர்ட் வழக்கில் இனம் பார்த்துச் சேர்ப்பது கூடாது என்றது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம் என்றதும் அதே தீர்ப்புதான். ஆக, வாசலை அடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

விளைவு? கஷ்டம் இப்போது ஒரு கட்டுரைப் போட்டி! வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு கட்டுரையைச் செதுக்கித் தர ஆலோசகர் இருக்கிறார். கால் சுளுக்கி ஒரு சீசன் விளையாடாமல் போனதைக்கூட காவியமாக்கிவிடுவார். இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்தவளுக்கோ, அதெல்லாம் எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. அம்மாவின் நோயையும் அப்பாவின் கடனையும் முகம் தெரியாத கமிட்டியிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வாள். தோற்பது யார்?

பெற்றோர் படிப்பு, குடும்ப வருமானம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை... இவற்றைக் கட்டம் போட்டுக் கேட்டு, சான்று வாங்கி, அதற்கு மதிப்பெண் கொடுத்தால் ஆகாதா? கணக்கில் கேட்க வேண்டியதைக் கதையில் கேட்டால், கதை சொல்லத் தெரிந்தவன்தானே ஜெயிப்பான்?