ஃபேன் சுவிட்சும் என் மறதியும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கார் டேஷ்போர்டில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஓட்டை போட்டு ஒரு சின்ன சுவிட்ச். "சார், ரேடியேட்டர் ஃபேன் தானா ஓட மாட்டேங்குதுங்க. மெக்கானிக் பேட்டரியில இருந்து டைரக்ட் லைன் எடுத்து சுவிட்ச் போட்டுக் குடுத்துட்டாருங்க. 250 ரூபாயில வேலை முடிஞ்சுதுங்க" என்று ஒரே சந்தோஷம். பெயர் சொல்லவில்லை. அவன் இதைப் படிப்பான்.

அவனுக்கு மட்டும் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு நம் சொந்தத்தில் இதே மாதிரி சுவிட்ச் உள்ள வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று வந்தது. (சின்ன மாப்பிள்ளை, உங்கள் வண்டியையும் சேர்த்துத்தான்.) அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபேனைக் கையால் ஓட விடுவதற்கு ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதைப் போட்டால்தான் ஃபேன் ஓடும் என்ற நிலையில் வண்டியை வைத்திருக்காதீர்கள். நான் அப்படி இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 34 வருடம் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய சின்ன கார் வாங்கினேன். ஒருநாள் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஃபேன் ஓடவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "தெர்மோ சுவிட்ச் போயிருச்சுங்க. வர்றதுக்கு ரெண்டு நாளாகும்" என்றார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், இன்றைக்கே ஏதாவது செய்து கொடுங்கள் என்று அவசரப்படுத்தியது நான்தான். "தற்காலிகமாத்தான் போடறேன், அப்புறம் வந்து மாத்திக்கோங்க" என்று சொல்லித்தான் அவரும் சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். ஆகவே அவர் மேல் குறை இல்லை.

நான் திரும்பிப் போகவில்லை. வண்டிதான் நன்றாக ஓடுகிறதே!

ஒரு எச்சரிக்கை வந்தது. ஒரு ராத்திரி சுவிட்சை அணைக்க மறந்து வண்டியைப் பூட்டிவிட்டேன். டிவி சத்தத்தில் ஃபேன் ஓடுவது காதில் விழவில்லை. காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. கணக்கு எளிது. ஃபேன் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி 35 ஆம்பியர்-மணி, மூன்றரை மணி நேரத்தில் காலி. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கணக்குப் பாடம் போலச் சிரித்துக்கொண்டே சொன்னேன். போட மறந்தால் என்ன ஆகும் என்ற அடுத்த கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

மே மாத விடுமுறைக்கு என் மகள் வந்திருந்தாள். பிள்ளைகளையும் சம்பந்தி அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு என் காரை எடுத்துப் போனாள். சாவியைக் கொடுக்கும்போது பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னேன். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். சுவிட்சைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் அது என் கைப்பழக்கம் ஆகிவிட்டது. கைப்பழக்கமாகிப் போனதை யாருக்குச் சொல்லத் தோன்றும்?

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி வரை ஒன்றும் தெரியவில்லை. சமதளத்தில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்கு வேலை குறைவு. மலை ஏறும்போது கதை வேறு. 70 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர், மெதுவான வேகம், ஏ.சி. வேறு. இன்ஜினுக்கு வேலை அதிகம், காற்றோ குறைவு. அவள் வளைவைப் பார்ப்பாளா, முள்ளைப் பார்ப்பாளா? 31-வது வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது.

வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றலாம் என்று துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்திருக்கிறாள். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய மினி லாரி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு, "தொறக்காதீங்கம்மா! மூஞ்சில அடிச்சிரும்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த அந்த நொடியில் அவ்வளவும் பொங்கி வெளியே பீய்ச்சும். அவள் பக்கத்தில் என் பேரன் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. அந்த டிரைவரின் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.

நான் இன்னொரு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் சத்தம் போடவில்லை. "ஏம்ப்பா, இப்படி ஒரு சுவிட்ச் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள், அவ்வளவுதான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் போட்டு மாட்ட 18,000 ரூபாய். நான் வாங்காமல் விட்ட தெர்மோ சுவிட்ச் 450 ரூபாய்.

"அந்தக் காலத்து அம்பாசடரில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை" என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதில் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றியது, இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். இப்போதைய சின்னக் கார்களில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, ரேடியேட்டர் தனியாக முன்னால் நிற்கிறது. அதனால் மின்சார ஃபேன். தண்ணீரின் சூட்டைப் பார்த்து அதை ஓட விடுவதும் நிறுத்துவதும் தெர்மோ சுவிட்சின் வேலை. அதற்கு மறதி கிடையாது, சாவி யார் கையில் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். பழுதானால் சொல்லிவிட்டுப் பழுதாகாது என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் கை சுவிட்சை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

எப்படி என்பதை ஆறாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! தொடர் இணைப்பு, பக்க இணைப்பு. ஒரு பல்பு, இரண்டு சுவிட்ச். தொடரில் இணைத்தால் இரண்டையும் போட்டால்தான் எரியும். பக்கத்தில் இணைத்தால் எதைப் போட்டாலும் எரியும். கை சுவிட்சைத் தெர்மோ சுவிட்சுக்குப் பக்க இணைப்பாகக் கொடுக்க வேண்டும். அப்போது நீங்கள் மறந்தாலும் தெர்மோ சுவிட்ச் ஓட விடும், அது பழுதானால் நீங்கள் ஓட விடலாம்.

நடுவில் கட்டாயம் ஒரு ரிலே வேண்டும். 10 ஆம்பியர் என்பது ஓடும்போது. கிளம்பும் நொடியில் இதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அவ்வளவையும் டேஷ்போர்டுக்குள் மெல்லிய ஒயரில் கொண்டுவந்தால் சுவிட்ச் உருகும், ஒயரும் எரியலாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மி.மீ. ஒயரை ரிலேயின் 30-க்குக் கொடுக்க வேண்டும். 87-லிருந்து ஃபேனுக்கு. 86-க்கு இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் லைன், அப்போதுதான் ராத்திரி பேட்டரி தப்பிக்கும். 85-ஐ இரண்டு வழியாக எர்த் செய்ய வேண்டும், ஒன்று தெர்மோ சுவிட்ச் வழியாக, இன்னொன்று கை சுவிட்ச் வழியாக. 87-ல் ஒரு சின்ன எல்.இ.டி. இன்டிகேட்டரும் கொடுத்து வையுங்கள். ஃபேனுக்குக் கரண்ட் போவதை அது காட்டும். (ஃபேன் சுற்றுகிறதா என்பதைக் காட்டாது.) வண்டிக்கு வண்டி ஒயரிங் மாறும், தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையால்தான் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரே ஃபேனை ஓட்டும் புது வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம்.

இப்போது அந்த மாணவனுக்கு. சுவிட்ச் போடுமுன் ஃபேன் ஏன் ஓடவில்லை என்று உன் மெக்கானிக் பார்த்தாரா? தண்ணீர் குறைந்து தெர்மோ சுவிட்ச் வெறும் ஆவியில் நின்றாலும் ஒழுங்காக வேலை செய்யாது. ஃபியூஸ், ரிலே, கருகிய கனெக்டர், எர்த் ஒயர் என்று பார்க்க நிறைய இருக்கிறது. டைரக்ட் லைனில் ஓடுகிறது என்பதால் மோட்டார் நன்றாக இருக்கிறது, அது ஒரு நல்ல செய்தி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வீட்டுக்கு வா. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் ஒருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை உன் வீட்டில் வண்டி எடுக்கும் எல்லோரிடமும் சுவிட்சைப் பற்றிச் சொல்லி வை, ஸ்டியரிங் மேல் ஒரு சீட்டும் ஒட்டி வை. சின்ன மாப்பிள்ளை, உங்களுக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். சாப்பாடு இங்கேதான்.