கணவாய் பிரித்த பறவைகள்

பரிணாமம் என்றதும், “குரங்கு மனிதனானது உண்மையென்றால் இன்றைய குரங்குகள் ஏன் மாறவில்லை?” என்று மடக்குவோர் நம்மிடையே பலர். இன்றைய குரங்கு எதுவும் மனிதனின் பாட்டன் அல்ல. இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று பண்டு வாழ்ந்தது என்பதே அறிவியலின் கூற்று. ஓர் இனம் இரண்டாகப் பிரிவது எப்படி? விடை காண, டார்வின் 1835-இல் கண்ட கலாபகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டுவதில்லை. சங்கரன்கோவிலுக்கு மேற்கேயுள்ள மலைத்தொடரே போதும்.

அத்தொடர் செங்கோட்டை அருகே தாழ்ந்து, ஆரியங்காவு வழியே கொல்லத்துக்கு இரயில் செல்ல இடம் விடுகிறது. இக்கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலை. வடக்கே மேகமலை, பழனிமலை, ஆனைமலை. இவற்றின் உயர்ந்த சோலைகளில், சிரிப்பது போல ஒலியெழுப்பும் ‘சிரிப்பான்’ பறவைகள் வாழ்கின்றன. குளிர்ந்த காட்டுக்குப் பழகிய அவற்றுக்கு வெப்பமான தாழ்நிலம் கடல் போன்ற தடை. இருபுறத்துப் பறவைகளும் கூடி இனம்பெருக்க வழியில்லை. தலைமுறைதோறும் மரபணுக்களில் சிறு மாறுதல்கள் தோன்றும். பிழைத்திருக்க உதவியவை நிலைக்கும். இஃது இயற்கைத் தேர்வு. சில தற்செயலாகவும் பரவும். ஒரு பக்கத்து மாறுதல் மறுபக்கம் சேராது. இவ்வாறே நெடுங்காலத்தில் ஓரினம் ஈரினமாயிற்று.

வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இப்பிரிவை உறுதி செய்தது. அதே ஆய்வில், மலைச்சோலைகளில் வாழும் நீலநிறச் சிறு பறவைகளின் பேரினத்துக்குச் ‘சோலிகோலா’ என்று பெயரிட்டனர். ‘சோலை’ என்ற நம் சொல் உலக அறிவியலில் ஏறிவிட்டது!

தென்புறச் சிரிப்பான் முன்பு வேறொரு சிற்றினத்தின் உட்பிரிவாகவே எண்ணப்பட்டது. “அறிஞர்களே கருத்தை மாற்றிக்கொள்கிறார்களே!” என நகைக்க வேண்டாம். தம்முள் கூடி, இனம்பெருக்கவல்ல சந்ததியை ஈனுபவை ஒரு சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் வகுத்தார். சந்திக்கவே இயலாத பறவைகளிடம் இதனைச் சோதிப்பது எங்ஙனம்? உருவம், குரல், மரபணு ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. சிற்றினங்கள் தொடக்க முதலே வகுத்து வைத்த பெட்டிகளாயின், எல்லையைப் பற்றி இத்தனை ஐயம் எழாது. ஐயம் எழுவதே, பிரிதல் படிப்படியாக நிகழ்வதற்குச் சான்று.

இத்தகைய அறிவு விலங்கியல் மாணவர்க்கு மட்டும் உரியதா? 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உண்டு எனச் சிலர் அமைதி கூறினர். அந்நூலைப் பயில்வோர், பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு வரலாறோ வணிகவியலோ நாடினால், அவர்களுக்கு இவ்வறிவை யார் தருவார்?

ஆகவே, கலைப்பிரிவு மாணவர்க்கும் சில மணி நேரமேனும் பரிணாமம் கற்பிக்கப்பட வேண்டும். அதுவும் நம் மலைகளையும் பறவைகளையும் சான்று காட்டிக் கற்பிக்கப்பட வேண்டும். ஒரு மலைச்சோலை அழிந்தால் அழிவது மரங்கள் மட்டுமல்ல. வேறெங்கும் காணமுடியாத ஓரினமும் அதனோடு மறையக்கூடும். இதனை உணர்ந்த தலைமுறையே அச்சோலைகளைக் காக்கும்.